பதினோரு பேர் போட்ட தாள்

ஸ்டோன்பரியில் ஜோடு தைக்காத வீடு என்றால் அது பாதிரியார் வீடு ஒன்றுதான். அவர் பிரசங்கம் தைத்தார். அதிலும் பாதி ஞாயிறு நூல் அறுந்துபோகும். மற்ற வீடுகளில், சோளத்தை அறுத்து உருளைக்கிழங்கைத் தோண்டி நிலவறையில் போட்ட கையோடு, ஆண்கள் கொல்லையிலிருக்கும் பத்தடிப் பட்டறைக் கூடத்துக்குள் நுழைந்துவிடுவார்கள். வசந்தத்தில் சேறு காயும்வரை உள்ளேயிருந்து டொக் டொக் என்று மர ஆணி அடிக்கிற சத்தம்தான். பெண்கள் நாங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே மரக்கிடுக்கியை இடுக்கிக்கொண்டு, மெழுகு நூலால் மேல்தோலைத் தைத்துக் கொடுப்போம். தோல், சர்ச் நிர்வாகத்தில் இருக்கிற டீக்கனார் எலைஃபலெட் கிம்பலின் கடையிலிருந்து வரும். தைத்தது அங்கேயே திரும்பிப் போகும். பதிலுக்கு மாவும் வெல்லப்பாகும் உப்பு மீனும் அவர் அளந்து கொடுப்பார்.

நாங்கள் தைத்தது ஒன்றும் நாகரிகமான ஜோடு இல்லை. இடது வலது கிடையாது. முரட்டுத் தோல், தடித்த அடி. தெற்கே பருத்திக் காடுகளில் உழைக்கிற அடிமைகளுக்கு முதலாளிமார் வருஷத்துக்கு ஒருமுறை வாங்கிக் கொடுப்பது. அளவெடுக்க அவர்களை இங்கே கூட்டிவர முடியாதே. அதனால் ஒவ்வொருவர் பாதத்தின் நீளத்துக்கும் ஒரு குச்சி நறுக்கி, அதில் பெயர் எழுதி, கட்டுக் கட்டாகக் கப்பலில் அனுப்புவார்கள். அந்தக் கட்டுகள் ஆண்களின் கூடங்களுக்கு நேராகப் போய்விடும். அளவு பார்த்து முடிந்ததும் அடுப்பில் போட்டுக் குளிர் காய்வார்கள். நல்ல காய்ந்த குச்சிகள், நன்றாக எரியும்.

என் பெயர் லோயிஸ். புருஷன் மரம் வெட்டப் போன இடத்தில் மரத்தோடு சாய்ந்துவிட்டார். மூன்று பிள்ளைகள். சந்துக்கு எதிர்ப்பக்கம் ஓபேத் டிரேப்பர் வீடு. அவர் மனைவி ஜெருஷாவும் நானும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு வாழ வந்தவர்கள். அவளுக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. பேச்சு குறைவு, ஆனால் பேசினால் சுருக்கென்று இருக்கும். அவள் தையல் போட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

ஓபேத் பெரிய டெமாக்ரட் கட்சிக்காரர். கட்சித் தலைவர் ஜாக்சன் பெயரைச் சொன்னால் தொப்பியைக் கழற்றுவார். டீக்கனார் எதிர்க்கட்சியான விக்கில் பரம விசுவாசி. ஊர்க்கூட்டத்தில் இரண்டு பேரும் வங்கி, வரி என்று தொண்டை கட்டும்வரை கத்துவார்கள். ஒருமுறை ஓபேத், "உங்க கட்சி பணக்காரன் வீட்டு நாய்" என்று சொல்ல, டீக்கனார், "உன் கட்சி சாராயக்கடை வாசல்ல கிடக்கிற நாய்" என்றார். ஊரே சிரித்தது. மறுநாள் காலை அதே ஓபேத் அதே டீக்கனாரிடம் தோல் வாங்கி வந்தார். அது எங்களுக்குப் பழக்கம்தான்.

ஒரு அக்டோபர் மாதம் மத்தியானம், சமைத்த பீன்ஸைக் கூடத்துக்கு எடுத்துப்போன ஜெருஷா, திரும்பும்போது நேராக என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு குச்சி. ஒரு சாண் நீளம் இருக்கும்.

"இதப் பாரு."

"குச்சி."

"பேரப் படி."

ஃபிபி என்று எழுதியிருந்தது.

"சின்னப் புள்ள, லோயிஸ். பன்னெண்டு வயசுகூட இருக்காது. போன வருஷமும் இந்தப் பேரு வந்துச்சாம். அவரு சிரிச்சிக்கிட்டே சொல்றாரு, 'இவ கொஞ்சம்தான் வளந்திருக்கா, அதே அச்சு போதும்'னு. பதினாலு வருஷமா தைக்கிறேன். இந்தத் தோலுக்குள்ள ஒரு காலு போகும்னு எனக்குத் தோணவே இல்லையே. எப்படித் தோணாம இருந்துச்சு?"

"எனக்கும்தான் தோணல. நம்ம தைக்கலன்னா அது வெறுங்காலோட நடக்கும். அத நெனச்சுக்கோ."

"அதத்தான் அவரும் சொன்னாரு" என்றாள். குச்சியைத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள் போல. நான் கேட்கவில்லை.

மறு இலையுதிர்காலத்தில், பக்கத்து ஊரிலிருந்து ரோடா என்கிற, குவேக்கர் மதப்பிரிவைச் சேர்ந்த அம்மாள் ஒற்றைக்குதிரை வண்டியில் வந்தாள். குவேக்கர்களுக்கு எல்லோரும் 'நீ'தான். டீக்கனாரையே, "கிம்பல், நீ கொஞ்சம் நகரு" என்று சொன்னவள். அவள் கையில் ஒரு மனு. வாஷிங்டன் நகரத்தில், நாட்டுக்கே சட்டம் போடுகிற சபை கூடுகிற ஊரிலேயே, மனிதரை விற்கிறார்கள், அதையாவது நிறுத்துங்கள் என்று கேட்கிற மனு. தாளில் இரண்டு கட்டம் கோடு போட்டிருந்தது. ஒன்று ஓட்டுரிமை உள்ள ஆண்களுக்கு, மற்றது பெண்களுக்கு. ஆண்கள் கட்டம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பெண்கள் கட்டத்தில் ஜெருஷா முதலில் கையெழுத்துப் போட்டாள். அவளைப் பார்த்து நான். பிறகு ஒன்பது பேர்.

இன்னும் ஊரில் பெண்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு எப்படித் தெரிவது என்று பேச்சு வந்தது. எங்கள் சர்ச் முன்கூடத்தில் ஒரு பலகை உண்டு. கல்யாணம் நிச்சயமானாலும் பன்றி காணாமல் போனாலும் அதில் ஒரு தாள் குத்த வேண்டும். குத்தாத கல்யாணம் எங்கள் ஊரில் கள்ளக் கல்யாணம்.

"வேண்டாம்" என்றாள் ரோடா. "நான் வீடு வீடாப் போறேன். வெளிய குத்தாத."

"ஒளிச்சு வெக்க இது என்ன திருட்டுக் கோழியா?" என்றாள் ஜெருஷா. நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். நல்ல காரியத்தை ஊரறியச் செய்வதுதானே முறை? நான்தான் அந்த மனுத்தாளின் நான்கு மூலையிலும் ஜோட்டு ஆணி வைத்து அடித்தேன். இன்றைக்கும் நினைத்தால் என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயராகப் படித்தார். என் பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். திங்கட்கிழமை ரோடா வந்து தாளை எடுத்துப் போனாள். செவ்வாய்க்கிழமை பதினோரு வீட்டுக்கும் தோல் வரவில்லை.

புதன்கிழமை டீக்கனார் எங்களைக் கடைக்கு வரச் சொன்னார். அதட்டவில்லை. இஞ்சி ரொட்டி கொடுத்து உட்காரவைத்தார்.

"சகோதரிகளே, தெற்கேயிருந்து வியாபாரி கடுதாசி போட்டிருக்கான். மனு அனுப்புற ஊர்ல இருந்து ஒரு ஜோடிகூட வாங்கமாட்டானாம். வியாபாரம் ஏற்கெனவே படுத்துக் கிடக்கிற வருஷம். நான் என்ன பண்ணட்டும்? உங்க சார்பா வாஷிங்டனுக்கு ஒரு சின்ன கடுதாசி எழுதி வெச்சிருக்கேன். விஷயம் புரியாம கையெழுத்துப் போட்டுட்டோம், எங்க பேர எடுத்துடுங்கன்னு. அவ்ளோதான்."

வருஷத்துக்கு ஒருமுறை வேதாகமத்தை முதலிலிருந்து முடிவுவரை படிக்கிறவர்கள் நாங்கள். படித்தது புரியவில்லை என்று எழுதிக் கொடுத்தோம். பத்துப் பேர். நான் மூன்றாவது. ஜெருஷா ரொட்டியைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஓபேத் என் வாசலுக்கு வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற கூடங்களில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது; அவருடைய கூடத்தில் மட்டும் கேட்கவில்லை. "நீயாவது வந்து சொல்லு, லோயிஸ். நான் சொன்னா சுவத்துல முட்டிக்கிற மாதிரி இருக்கு" என்றார். போனேன். ஜெருஷா டர்னிப் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். பானையில் பன்றிக்கறி இல்லை, வெறும் கிழங்குதான்.

"ஏண்டி இப்படி வீம்பு பண்ற?" என்றேன். "நாங்க பத்துப் பேரும் எழுதிக் குடுத்தோமே. வானம் இடிஞ்சா விழுந்துச்சு?"

"இடியலையே. அதான் கஷ்டமா இருக்கு."

ஓபேத் குறுக்கே வந்தார். "இங்க பாரு. எனக்கு அடிமைத்தனம் புடிச்சிருக்கா? இல்ல. ஆனா அது அவங்க ஊரு, அவங்க சட்டம். நாம மூக்க நுழைச்சா நாடு ரெண்டாப் போயிடும். எங்க கட்சியும் அதத்தான் சொல்லுது, டீக்கனார் கட்சியும் அதத்தான் சொல்லுது."

"உங்க ரெண்டு கட்சியும் இந்த ஒண்ணுலதான் ஒத்துப்போறீங்க. அதிலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஓபேத்துக்கு வரவில்லை.

"நான் என்ன குடிகாரனா? உன்னை அடிச்சேனா? நீ போட்ட கையெழுத்துக்கு என் கை சும்மா கெடக்குது. ஊர்ல ஒவ்வொருத்தனும் என்னைப் பாத்து, 'பொண்டாட்டிய அடக்கத் தெரியாதவன்'னு சிரிக்கிறான். அந்தக் கடுதாசியில ஒரு வரி, ஜெருஷா. ஒரு வரி!"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "புரியாம போட்டேன்னு எழுதணும். அதானே? என்னங்க, எனக்கு இந்த வீட்டுல சொந்தம்னு என்ன இருக்கு? நிலம் உங்க பேருல. பசு உங்க பேருல. புள்ளைங்க மண்ணுக்குள்ள. ஓட்டு எனக்குக் கிடையாது. பேரு ஒண்ணுதான் இருக்கு. அத ஒரு தடவ எழுதினேன். புரிஞ்சுதான் எழுதினேன். புரியலன்னு எப்படிச் சொல்லுவேன்?"

எனக்கு அங்கே நிற்கக் கூசியது. "கெழங்கு வேகட்டும்" என்று எதையோ உளறிவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பரில் பனி ஜன்னல் விளிம்புவரை ஏறியது. ஓபேத் ஏரியில் கூலிக்குப் பனிக்கட்டி அறுக்கப் போனார். பொழுது விடியுமுன் போய், பொழுது சாயத் திரும்புவார். ஜோடு தைக்கிற கை அது. மரம் போல விறைத்துப்போய், பிறகு வெடித்து ரத்தம் கசிந்தது. வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்பது புகைபோக்கியைப் பார்த்தாலே தெரியும். பேசுகிற வீட்டில் விறகு அதிகம் செலவாகும்.

ஊர் யாரும் ஜெருஷாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஒரு துணை மாதிரி இருந்திருக்கும். சர்ச்சில் அவள் பெஞ்சில் உட்காருகிற இரண்டு குடும்பங்களுக்கும் திடீரென்று முன்வரிசையில் காது நன்றாகக் கேட்க ஆரம்பித்தது. போர்வை தைக்கக் கூடுகிற நாளை அவளிடம் சொல்ல எல்லோரும் மறந்துபோனார்கள். நானும் மறந்தேன். மறப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை என்று அந்தக் குளிர்காலத்தில் கற்றுக்கொண்டேன்.

ஜனவரியில் ஒரு காலை, ஜெருஷா வீட்டு அடுப்பு அணைந்துபோயிருந்தது. எங்கள் பக்கம் நெருப்பு அணைந்தால் பக்கத்து வீட்டில் கங்கு வாங்கி வருவது வழக்கம். இரும்புச் சட்டியை எடுத்துக்கொண்டு சந்தின் குறுக்கே வந்தாள். அந்த நேரம் டீக்கனார் கடைப் பையன்களில் ஒருவன் என் முன்னறையில் நின்று, தைத்த மேல்தோலை எண்ணிக்கொண்டிருந்தான். நான் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துவிட்டேன். சட்டென்று பின்பக்கம் ஓடி, கொல்லைக் கதவைத் திறந்து, கையைக் காட்டினேன். பனியில் முழங்கால்வரை புதைய வீட்டைச் சுற்றி வந்தாள். நான் கங்கை அள்ளிச் சட்டியில் போட்டேன்.

"உள்ள வான்னு சொல்லியிருப்பேன்..." என்றேன்.

"தெரியும்."

"புள்ளைங்க இருக்காங்கடி எனக்கு."

"தெரியும், லோயிஸ். நெருப்பு போதும்."

அவள் சாம்பலால் கங்கை மூடிக்கொண்டு போனாள். வந்த தடத்திலேயே கால் வைத்து நடந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், எத்தனை ஜோடி என்று கேட்டேன்.

பனி இளக ஆரம்பித்த ஒரு மத்தியானம், வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு, காய்ந்த ஆப்பிள் வைத்த மாவுப்பண்டம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். முன்வாசல் வழியாகத்தான் போனேன். நான் பண்டத்தை மேசையில் வைக்கவும் ஓபேத் ஓடிவரவும் சரியாக இருந்தது. இத்தனை மாதத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன். கையில் செய்தித்தாள்.

"ஜெருஷா! படிக்கவே இல்லையாம்!"

"எத?"

"மனுவ! எல்லா மனுவையும்! வாஷிங்டன் சபையில தீர்மானம் போட்டுட்டாங்க. அடிமை விஷயமா எந்த மனு வந்தாலும் பிரிக்காம, படிக்காம, பேசாம மூலையில போட்டுடணுமாம். வண்டி வண்டியா வந்துச்சாம். ஒண்ணையும் ஒருத்தரும் தொடல. உன் பேர ஒருத்தன்கூடப் பாக்கல. நம்ம தப்பிச்சோம்!"

ஜெருஷா நாற்காலியில் உட்கார்ந்தாள். கிழங்கு மட்டும் தின்ற குளிர்காலம் முழுக்க அழாதவள், போர்வை தைக்கக் கூப்பிடாதபோது அழாதவள், இப்போது இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பினாள். ஓபேத் என்னைப் பார்த்தார். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ.

மறுநாள் டீக்கனாரே பனிவண்டியில் தோல்கட்டோடு வந்து இறங்கினார். அவர் கெட்டவர் இல்லை. ஓபேத் மாதிரி வேலைக்காரர் கிடைக்கமாட்டார், ஜெருஷா மாதிரித் தையல் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். நான் சந்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சகோதரி, போனது போகட்டும். யாரும் படிக்காத பேரு, எழுதாத பேருதான். வியாபாரியும் இனி ஒண்ணும் சொல்லமாட்டான். இந்தா, அறுபது ஜோடி."

"நான் எழுதினேனே, டீக்கனார்."

"அதான் சொல்றேனே, யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்." அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவருக்கு வேலை குடுங்க. அவரு பாவம், ரொம்பப் பட்டுட்டாரு. சமைச்சுப் போடறேன், துணி துவைக்கிறேன். இந்தத் தோல நான் தொடமாட்டேன்."

"அப்ப மேல்தோல யாரு தைக்கிறது?" என்றார் டீக்கனார், உண்மையிலேயே புரியாமல்.

ஓபேத் தோல்கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

மேல்தோல் தைப்பது பெண்வேலை. ஸ்டோன்பரியில் எந்த ஆணும் அதுவரை முழங்காலுக்கு நடுவே கிடுக்கியை வைத்ததில்லை. என்னைக் கேட்டிருந்தால் நான் தைத்திருப்பேன். எனக்குக் கிடைத்த வேலையே கழுத்தளவு இருந்தது, ஆனாலும் தைத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. கூடத்தில் வெளிச்சம் போதாமல், அவள் உட்காருகிற ஜன்னலோரத்தில் வந்து உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "ஓபேத் அம்மா, ஒரு கவுனு தெச்சுத் தருவீங்களா?" என்று ஒருவன் கத்தினான். அவர் தலையைத் தூக்கவில்லை.

ஒருநாள் நான் அங்கிருந்தபோது மெல்லக் கேட்டார். "ஜெருஷா, ஓரத்துல இந்த முடிச்ச எப்படிப் போடுவ?"

அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "மறந்துபோச்சுங்க" என்றாள்.

அவர் தானே ஒரு முடிச்சுப் போட்டார். அசிங்கமான முடிச்சு. ஆனால் பிடித்துக்கொண்டது. அந்த வீட்டில் ஒரே அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு வெறுப்பில்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். இரவுச் சாப்பாட்டில் அவர் தட்டில்தான் பெரிய மீன்துண்டு விழும்.

அடுத்த இலையுதிர்காலமும் வந்தது. மேப்பிள் மரங்கள் சிவந்து கொட்டின. ரோடா அதே ஒற்றைக்குதிரை வண்டியில், புதுத் தாளோடு வந்தாள். இந்தமுறை எந்தப் பலகையிலும் குத்தவில்லை. காலையிலிருந்து ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில் ஜெருஷா வீட்டுக்கு வந்தாள். நான் அங்கே ரொட்டிக்குப் புளித்த மாவு கடன் வாங்கப் போயிருந்தேன். ஓபேத் ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தார்.

தாளில் கோடு போட்ட இரண்டு கட்டமும் காலியாக இருந்தன. ஜெருஷா கையை ஈரத்துணியில் துடைத்துக்கொண்டு, மையில் பேனாவைத் தொட்டு, நிதானமாக எழுதினாள். ஜெருஷா டிரேப்பர். எழுதி முடித்து மை காய ஊதினாள்.

ரோடா ஓபேத்தைப் பார்த்தாள். அவர் ஊசியில் நூல் கோப்பதிலேயே குறியாக இருந்தார். அந்த நூல் ரொம்ப நேரமாகக் கோக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"என் கையெல்லாம் மெழுகு" என்றேன். ஜெருஷா தான் கை துடைத்த துணியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் அதை எடுக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை.

ரோடா தாளைக் கையில் எடுத்து, அந்த ஒரே பெயரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"ஜெருஷா, நான் உன்னை நோகடிக்கச் சொல்லல. ஆனா ஒரு ஊருக்கே ஒத்தப் பேரோட தாள் அனுப்பினா, அங்க எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கணும்னா படிக்கணுமே" என்றாள் ஜெருஷா. "படிக்கட்டும்."

அவள் மாவுப் பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு, ரோடாவை வண்டிவரை கொண்டுவிடப் போனாள்.